வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப: சிங்கப்பூருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சிங்கப்பூருக்குள் சுற்றுவதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. ரயில் நிலையப் பலகையிலேயே தமிழ் இருக்கிறது, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், வழி கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள். சிரமமெல்லாம் இங்கே, கிளம்புவதற்கு முந்தைய மூன்று நான்கு வாரத்தில்தான். எந்தத் தாள் முதலில், எந்தத் தாள் கடைசியில், யாரிடம் எவ்வளவு கொடுப்பது என்று சரியாகச் சொல்ல எங்களுக்கு யாரும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவரும் தேவையில்லாததற்குப் பணம் வாங்கிக்கொண்டார். நீங்கள் அந்த அலைச்சல் இல்லாமல் போய்வர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் திருச்சியிலிருந்து போனோம்; சென்னை, கோவையிலிருந்து போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

1. வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லா வார இறுதியும் ஒன்றல்ல. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தையொட்டி அங்கே ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கும். அந்த வாரம் ஓட்டல் வாடகை எகிறிவிடும், மரீனா பே பக்கம் பாதி சாலை அடைத்திருக்கும். சீனப் புத்தாண்டு இரண்டு நாளும் நிறையக் கடைகள் மூடியிருக்கும். ஜூன், டிசம்பர் அங்கே பள்ளி விடுமுறை. இவற்றைத் தவிர்த்தால் போதும். மழைக்காலம் பார்த்துப் போவதில் அர்த்தமில்லை, அந்த ஊரில் எந்த மாதமும் மழை வரும்.

விமானம் நாலு மணி நேரச் சொச்சம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இந்த இரண்டரை மணி நேரத்தைக் கணக்கில் வைக்காமல் திட்டம் போடாதீர்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு இங்கே ஏறினால் அங்கே இறங்கும்போது காலை எட்டாகியிருக்கும், தூங்கியது என்னவோ மூன்று மணி நேரம்தான்.

டிக்கெட் போடும்போது தேதியை இரண்டு முறை பாருங்கள். "சனி 00:30" என்று இருந்தால் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு பெட்டியோடு வந்து நிற்கிறவர்கள் உண்டு.

2. பாஸ்போர்ட்டை எடுத்து, பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

திரும்பும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். அப்புறம் பெயர். நம் ஆட்கள் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். விமான டிக்கெட் படிவமோ அதை நிரப்பாமல் விடாது. ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்லும் நிறுவனம் உண்டு, வேறு விதி வைத்திருக்கும் நிறுவனமும் உண்டு. நீங்கள் போகும் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இதற்கென்று ஒரு குறிப்பு இருக்கும். அதைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள், பின்னால் பெயர் திருத்தினால் தனிக் கட்டணம். விசாவிலும் வருகை அட்டையிலும் (இறங்குவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் படிவம்) பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. ஆதாரில் உள்ள இனிஷியலை இங்கே கொண்டுவராதீர்கள்.

3. விசா: எப்போது, யாரிடம், எவ்வளவு

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளும் வசதி கிடையாது. பொதுவாக அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். அந்தப் பட்டியல் இந்தியாவில் உள்ள சிங்கப்பூர்த் தூதரகங்களின் இணையதளத்தில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். தெருமுனைக் கடையில் கொடுத்தால் அவர் இன்னொருவரிடம் கொடுப்பார், நடுவில் ஒரு கமிஷன் ஏறும்.

பயண நாளுக்கு 30 நாளுக்குள் விண்ணப்பிப்பதுதான் முறை. பரிசீலனைக்கு மூன்று வேலை நாள் என்பது பொதுக் கணக்கு. கொடுத்த நாள், சனி, ஞாயிறு, அங்கத்திய அரசு விடுமுறை எதுவும் இதில் சேராது, சிலருக்கு இன்னும் இழுக்கும். மூன்று வாரம் கையில் இருக்கும்படி கொடுத்துவிட்டால் நிம்மதி.

கேட்கும் தாள்கள்:

- 14ஏ விசா விண்ணப்பப் படிவம், கையெழுத்துடன்
- பாஸ்போர்ட் விவரப் பக்கத்தின் நகல்
- 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், வெள்ளைப் பின்னணி, கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்தது
- போகவரப் பயண விவரமும் தங்குமிட விவரமும்
- வங்கிக் கணக்கு அறிக்கை. வேலையில் இருந்தால் அலுவலகக் கடிதமும் கேட்கலாம்

ஸ்டூடியோவில் "பாஸ்போர்ட் சைஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லி எடுங்கள். வெள்ளைப் பின்னணி என்றால் வெள்ளைச் சட்டை வேண்டாம்.

அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அங்குள்ள தமிழர்கள் இதை வெள்ளி என்பார்கள், நானும் இனி அப்படியே எழுதுகிறேன். ஒரு வெள்ளி சுமார் 70 ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் போதும். விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது. இதற்கு மேல் ஏஜென்ட் வாங்குவது அவருடைய சேவைக் கட்டணம். இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் ஏஜென்ட் "அவசரப் பரிசீலனை" என்று ஒரு தொகையும், "வருகை அட்டைக் கட்டணம்" என்று இன்னொரு தொகையும் பில்லில் சேர்த்தார். வருகை அட்டை முழுக்க இலவசம்.

டிக்கெட் முதலிலா, விசா முதலிலா? பணம் திரும்பாத மலிவு டிக்கெட்டை விசாவுக்கு முன்னால் வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. கடைசி மூன்று வாரத்தில் விலை கொஞ்சம் ஏறும், ஏறட்டும். ஓட்டலை மட்டும் இலவசமாக ரத்துசெய்யும் வசதியோடு முன்னாலேயே பிடித்து வையுங்கள். விசா மின்னஞ்சலில் வரும். பெயர், பாஸ்போர்ட் எண், எத்தனை முறை நுழையலாம், எந்தத் தேதி வரை என்று எல்லாவற்றையும் சரிபார்த்து இரண்டு நகல் அச்செடுங்கள்.

விசா இருந்தும் இறங்குமிடத்தில் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. "விசிட் விசாவில் போ, அங்கே போய் வேலை வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டுத் தள்ளியிருங்கள்.

4. வருகை அட்டை: மூன்று நாள் கணக்கு

இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சனிக்கிழமை இறங்குகிறீர்கள் என்றால் வியாழக்கிழமைக்கு முன் நிரப்ப முடியாது. இரண்டு பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, போலி இணையதளங்கள். தேடினால் விளம்பரமாக மேலே வந்து நிற்கும், பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கார்டு எண் கேட்கும். பணம் கேட்டாலே அது போலி. தளத்தின் பெயர் gov.sg என்று முடிகிறதா என்று பாருங்கள், அல்லது அங்குள்ள குடிநுழைவுத் துறையின் செயலியைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு, மின்னஞ்சல் முகவரி. இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற அனுமதி, அட்டையில் நீங்கள் கொடுத்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். ஏஜென்ட்டை நிரப்பச் சொன்னால் அவர் தன் முகவரியைப் போட்டுவிடுவார், உங்கள் அனுமதி அவர் பெட்டியில் கிடக்கும். பத்து நிமிட வேலை, நீங்களே செய்யுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரே குழுவாக நிரப்பலாம்.

5. கார்டு, காசு, போன்

நம் வங்கி கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் போய் வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி இரண்டையும் தனித்தனியாகத் திறந்துவிடுங்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டு முத்திரை உள்ள கார்டு வேண்டும். அங்கே மெட்ரோவிலும் பேருந்திலும் அதையே தட்டிவிட்டுப் போகலாம், தனிப் பயண அட்டை தேவையில்லை. வெளிநாட்டு கார்டுக்கு ஒரு நாளைக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் பிடிப்பார்கள், இரண்டு நாளுக்கு அது பெரிய விஷயமில்லை.

ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டில் மூன்று பேர் நுழைய முடியாது. நுழையும்போது தட்டிய அதே கார்டைத்தான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும். உள்ளே வரும்போது போனைத் தட்டி, வெளியே போகும்போது கார்டைத் தட்டினால் இரண்டு பயணமாகக் கணக்காகிவிடும். கார்டு இல்லாத பெரியவர்களுக்கு நிலையத்திலேயே பயண அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொடுங்கள்.

ரொக்கம் ஆளுக்கு 100 வெள்ளி போதும், சாப்பாட்டுக் கடைகளில் உதவும். கொஞ்சம் இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள், மீதியை லிட்டில் இந்தியா பகுதியிலுள்ள சிராங்கூன் சாலையில் மாற்றலாம். விமான நிலையத்தில் மாற்றினால் விலை கட்டாது.

டாக்சி செயலியை இங்கே, உங்கள் எண்ணுக்கு ஓடிபி வரும்போதே பதிவிறக்கிப் பதிவுசெய்துவிடுங்கள்.

6. பெட்டியில் என்ன இருக்கக் கூடாது

இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சூயிங்கம் கூடாது. மின் சிகரெட் அறவே கூடாது. சாதாரண சிகரெட்டுக்கு வரிச்சலுகை கிடையாது, ஒரு பாக்கெட்டானாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். கறி, முட்டை வகை எதுவும் வேண்டாம். நம் வீட்டுச் சமையலில் சகஜமாகப் புழங்கும் கசகசா அங்கே தடைப் பட்டியலில் உள்ள பொருள். குருமா மசாலா, அரைத்த பொடி என்று அம்மா கட்டிக்கொடுத்தால் அதில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவைப்படலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள்.

விமான நிலையத்தில் தெரியாதவர் வந்து "இந்தப் பையை மட்டும் கொண்டுபோய் என் மச்சானிடம் கொடுத்துடுங்க" என்றால், எவ்வளவு பாவமாகப் பேசினாலும் முடியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். போதைப்பொருளுக்கு அந்த நாட்டில் மரண தண்டனை வரை உண்டு.

மலிவு விமானங்கள் சிலவற்றில் கைப்பை மட்டும்தான் இலவசம். 7 கிலோவா 10 கிலோவா என்று டிக்கெட்டில் பாருங்கள். சாப்பாடும் தனிக் காசு.

7. எங்கே தங்குவது

வார இறுதிக்கு லிட்டில் இந்தியாதான். சாப்பாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கின்றன. மரீனா பே பக்கம் போக பேஃபிரண்ட், தாவரவியல் பூங்கா, சைனாடவுன், செந்தோசா தீவுக்கான ஹார்பர்ஃபிரண்ட் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து மாறாமல் ஒரே ரயில். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சாதாரண ஓட்டல் அறை ஓர் இரவுக்கு 120 முதல் 180 வெள்ளி வரை ஆகும். அறை சின்னதாகத்தான் இருக்கும், பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் "ஜன்னல் இல்லாத அறை" என்று சின்ன எழுத்தில் எங்காவது போட்டிருக்கும், தேடிப் பாருங்கள். ஓர் இரவு தூங்க அது போதும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் அம்மாவுக்கு மூச்சு முட்டியது.

அறை பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். காலையில் போனால் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாற்றுத்துணி ஒன்றைக் கைப்பையில் தனியாக வையுங்கள்.

8. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும்

குடிநுழைவில் தானியங்கி வாயில்கள். பாஸ்போர்ட்டை வைத்து, முகத்தையும் கைரேகையையும் காட்டினால் திறக்கும். சின்னக் குழந்தைகள் இருந்தால் அதிகாரி இருக்கும் வரிசைக்குப் போங்கள். கேட்டால் காட்டத் திரும்பும் டிக்கெட்டும் ஓட்டல் முகவரியும் கையில் இருக்கட்டும்.

ஊருக்குள் போக டாக்சிக்கு 25 முதல் 40 வெள்ளி ஆகும். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை மீட்டரில் 50 சதவீதம் கூடுதல். ரயிலில் 2 வெள்ளிச் சொச்சம்தான். எல்லோரும் தானா மேரா போய் மாறச் சொல்வார்கள். லிட்டில் இந்தியா போகிறவர்களுக்கு அது சுற்று. ஒரே ஒரு நிலையம் தள்ளி எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள், பிறகு மாற்றமே இல்லை. ஒரு சூட்சுமம்: அந்த ரயில் ஜாலான் புசாரைத் தொட்டுவிட்டு, ஊரையெல்லாம் ஒரு வளையம் சுற்றிய பிறகுதான் லிட்டில் இந்தியாவுக்கு வரும். உங்கள் ஓட்டல் ஜாலான் புசார் சாலைப் பக்கம் என்றால் முன்னாலேயே இறங்கி நடந்துவிடலாம்.

இரவு பதினொரு மணிக்கு மேல் இறங்கினால் ரயிலை நம்பாதீர்கள்.

9. இரண்டு நாளை எப்படிச் செலவழிப்பது

யுனிவர்சல் ஸ்டூடியோவை விட்டுவிடுங்கள். நுழைவே 80 வெள்ளியைத் தாண்டும், ஒரு முழு நாள் போய்விடும். குழந்தைகள் பிடிவாதம் பிடித்தால் வேறு விஷயம்.

சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் பசியாறிவிட்டு ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோவில். நண்பகலோடு நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் மறுபடி திறப்பார்கள். வெயில் நேரத்துக்கு கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம். கட்டணம் உண்டு, ஏசியும் உண்டு. பிறகு ஓட்டலுக்குப் போய் இரண்டு மணி நேரம் தூங்குங்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து அலைந்தால் மாலையில் கால் நகராது.

மாலை ஆறரைக்குக் கிளம்பி பேஃபிரண்ட். கார்டன்ஸ் பை த பேயின் வெளித்தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கே இரும்பில் கட்டியிருக்கும் பெரிய மரங்களின் ஒளிக்காட்சி 7:45க்கும் 8:45க்கும், அதுவும் இலவசம். 7:45 காட்சியைப் பார்த்துவிட்டு மெதுவாக நடந்தால் மரீனா பே சாண்ட்ஸ் ஓட்டல் முன்னால் ஒன்பது மணிக்கு நடக்கும் நீர்க்காட்சிக்குச் சரியாக இருக்கும். நிறையப் பேர் மரத்தடியிலேயே தரையில் படுத்து அண்ணாந்து பார்ப்பார்கள். வெட்கப்படாமல் நீங்களும் படுங்கள், நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். தோட்டத்தின் கண்ணாடிக் கூடங்களுக்கு மட்டும் டிக்கெட். முடியாதவர்கள் அவற்றில் மேகக்காடு (கிளவுட் ஃபாரஸ்ட்) ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்.

திரும்பும் வழியில் சையது ஆல்வி சாலையில் முஸ்தபா பேரங்காடி. நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். கடை வேலையைச் சனிக்கிழமை இரவே முடித்துவிடுங்கள். ஞாயிறு மாலை சிராங்கூன் சாலை முழுக்க வார விடுமுறையில் வந்த தொழிலாளர்கள் கூட்டம், பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்க முடியாது. பெட்டி இல்லாமல் போனால் அதுவே பார்க்க வேண்டிய காட்சி. புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களில் புதுக்கோட்டைக்காரர், மன்னார்குடிக்காரர் என்று யாராவது நிச்சயம் இருப்பார்கள்.

ஞாயிறு காலை தாவரவியல் பூங்கா. லிட்டில் இந்தியாவிலிருந்து மூன்றாவது நிலையம், காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். மதியம் செந்தோசா, விவோசிட்டி வணிக வளாகத்தின் பக்கமிருந்து மரப்பாதையில் நடந்தே போகலாம், இலவசம். தீவு ரயிலில் போனால் 4 வெள்ளி.

குப்பை, எச்சில், புகை மூன்றுக்கும் அபராதம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது.

10. சாப்பாடு

உணவங்காடியில் ஒரு வேளைக்கு 4 முதல் 7 வெள்ளி. மேசை மேல் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம், அதை ஒதுக்கிவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துக் கொண்டுபோய் வைக்க வேண்டும், அது அங்கே சட்டம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் உட்பட நிறைய இடம் இருக்கிறது.

காப்பி, டீ கேட்கும் விதம் தெரிந்தால் நல்லது. வெறும் "தே" என்றால் கெட்டிப் பால் ஊற்றித் தித்திப்பாக வரும். பால் வேண்டாம் என்றால் "தே ஓ". சர்க்கரை நோயாளிகள் "தே சி கோசோங்" என்று கேளுங்கள், இனிப்பில்லாத பால் ஊற்றி, சர்க்கரை போடாமல் தருவார்கள். கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் "தாபாவ்" என்றால் போதும்.

11. திரும்பும் நாள்

ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கியிருந்தால், 9 சதவீத வரியில் பெரும்பகுதியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். கடையில் பில் போடும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும், பிறகு சொன்னால் நடக்காது. பொருளைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்புவதாக இருந்தால், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்னால் வரியைத் திரும்பக் கேட்கும் இயந்திரத்துக்குப் போங்கள். பொருளைக் காட்டச் சொல்லலாம்.

விமான நிலையத்தின் ஜுவல் அருவியைப் பார்க்க நினைத்தால் அதையும் குடிநுழைவுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அது வெளிப்பக்கம் இருக்கிறது, உள்ளே போய்விட்டால் திரும்பி வர முடியாது. விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்தால் அருவி, வரி, சாப்பாடு மூன்றும் பதற்றமில்லாமல் முடியும்.

காத்திருக்கும் இடத்தில் திருச்சி விமானத்துக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊர் விசாரித்துவிட்டு, "இந்தச் செயினைக் கழுத்தில் போட்டுட்டு வாங்க, வெளியே ஆள் நிக்கும், டிக்கெட் காசு தர்றோம்" என்பார்கள். குருவி வேலை, அதாவது கடத்தல். பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில்தான், செயின் கொடுத்தவரைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான் நகைக்கென்று தனி வரிச்சலுகை. இரண்டு நாள் போய்வருகிறவருக்கு அது கிடையாது. நீங்களே ஆசைப்பட்டு மோதிரம் வாங்கியிருந்தாலும் சுங்கத்தில் பொருளை அறிவிக்கிறவர்களுக்கான சிவப்பு வழியில் போய் அறிவித்து, வரி இருந்தால் கட்டுங்கள். இங்கிருந்து போட்டுக்கொண்டு போன நகை கனமாக இருந்தால், கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் திரும்பும்போது அது பழைய நகைதான் என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். வாங்கிய பொருட்களின் பில்கள் கைப்பையில் மேலாகவே இருக்கட்டும். கேட்டவுடன் எடுத்து நீட்டலாம், பெட்டியைக் கவிழ்க்க வேண்டியிருக்காது.